திருகோணமலையிலிருந்தே முலையூட்டிகளின் நிறமூர்த்த மீளொழுங்கமைவை ஆராய்வது எப்படி: இறுதியாண்டு மாணவருக்கும் உயிரியல் ஆசிரியருக்கும் ஒரு வழிகாட்டி

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டுத் திட்டம் செய்பவரும், நகரப் பாடசாலையொன்றில் உயர்தர மாணவரை வைத்து ஓர் ஆய்வை நடத்த விரும்பும் ஆசிரியரும் இந்தத் தலைப்பை எடுத்தவுடன் கேட்பது, ஆய்வுகூடம் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்பதுதான். முடியும். நிறமூர்த்தங்கள் கூர்ப்பில் எப்படி இணைந்தன, பிளந்தன, துண்டுகளாகத் திரும்பின என்பதைக் காட்டும் தரவுகள் ஏற்கெனவே பொதுவெளியில் இலவசமாகக் கிடக்கின்றன. ஆனால் எந்தத் தரவை முதலில் எடுப்பது, எதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும், எந்தக் கட்டத்தில் பணம் வீணாகும் என்பதைத் தமிழில் ஒழுங்காக எழுதி வைத்தவர் எவரையும் நான் காணாததால், பல மாதங்கள் தட்டித்தடவிக் கற்றதை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

1. விலங்குகளைத் தெரிவு செய்யுங்கள். மனிதனில் தொடங்க வேண்டாம்

பெரும்பாலானோர் மனிதனையும் எலியையும் ஒப்பிடத் தொடங்கி, முடிவில்லாத துண்டுகளுக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். மனிதனுக்கு 46 நிறமூர்த்தங்கள், வீட்டுச் சுண்டெலிக்கு 40. எண்ணிக்கையில் வேறுபாடு சிறிதென்றாலும் உள்ளே ஒழுங்கு பெரிதும் கலைந்திருக்கிறது. தொடக்க ஆய்வுக்கு நம்மைச் சுற்றி மேயும் விலங்குகளே சிறந்தவை. மாட்டுக்கு 60, ஆட்டுக்கு 60, செம்மறிக்கு 54, ஆற்றெருமைக்கு 50 நிறமூர்த்தங்கள் உள்ளன. இவற்றுக்கிடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதி, ஒரு முனையில் மையப்பாத்தை (கலப்பிரிவில் கதிர்நார்கள் பற்றும் இடத்தை) கொண்ட இரண்டு நிறமூர்த்தங்கள் மையப்பாத்துப் பகுதியில் சேர்ந்து ஒன்றாகும் ரொபட்சோனியன் இணைவினால் ஏற்பட்டது. எனவே விடை தெளிவாகத் தெரியும், சரிபார்க்கவும் முடியும்.

உள்ளூர்த் தொடர்பும் உண்டு. கிண்ணியாவிலும் மூதூரிலும் தயிருக்குப் பால் தரும் நாட்டெருமை, தோற்றத்தில் சேற்றெருமையை ஒத்திருந்தாலும், நிறமூர்த்தக் கணக்கில் 50 கொண்ட ஆற்றெருமை வகையைச் சேர்ந்தது. சேற்றெருமைக்கு 48, ஆற்றெருமையின் 4 ஆம், 9 ஆம் நிறமூர்த்தங்கள் ஒன்றன் முனையில் மற்றொன்றாக இணைந்ததால் வந்த குறைவு அது. திட்ட முன்மொழிவின் முதற்பக்கத்தில் இதை எழுதினால், இந்த ஆய்வை ஏன் இங்கே செய்ய வேண்டும் என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியிராது.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "மாட்டிலிருந்து செம்மறி வேறுபடும் நிறமூர்த்த இணைவுகள் எவை, அவை எந்த வழியில் நிகழ்ந்தன" என்பது போதுமான கேள்வி. "முலையூட்டிகளின் ஜீனோம் கூர்ப்பு" என்பது ஒரு நூலின் தலைப்பு. ஆறு மாதத் திட்டத்துக்கு அது ஆகாது.

2. அனுமதி வேண்டிய வேலையையும் வேண்டாத வேலையையும் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள்

பொதுத் தரவுத்தளத்திலிருந்து ஜீனோம் வரிசைகளை இறக்கிக் கணினியில் ஒப்பிடுவதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவையில்லை. ஒரு துளி இரத்தம் எடுக்க நினைத்த கணத்திலேயே நிலைமை மாறிவிடுகிறது.

வளர்ப்பு மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் இரத்தம் வேண்டுமானால், உங்கள் நிறுவனம் ஏற்கும் ஆய்வு ஒழுக்கவியற் குழுவின் அங்கீகாரம், உரிமையாளரின் கையொப்பமிட்ட சம்மதம், இரத்தமெடுக்கும் கால்நடை வைத்தியரின் உடன்பாடு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒழுக்கவியல் அங்கீகாரம் மாதிரி எடுப்பதற்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். எடுத்த பின் விண்ணப்பித்தால் அந்த மாதிரியை ஆய்வில் சேர்க்க முடியாது.

பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்களைப் பார்த்து எல்லோருக்கும் ஆசை வரும். புள்ளிமானுக்கு 66 நிறமூர்த்தங்கள் என்பது நல்ல செய்திதான். ஆனால் அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வனவிலங்குகள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதியின்றி இரத்தமோ உரோமமோ தோலோ எடுக்கக்கூடாது. தெருவில் நிற்பதால் அது வளர்ப்பு விலங்காகிவிடாது. அந்த அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்கள் ஆய்வு முன்மொழிவு, மேற்பார்வையாளரின் கடிதம், நிறுவனத் தலைவரின் கடிதம், ஒழுக்கவியற் சான்று, எந்த விலங்கில் எத்தனை மாதிரி எங்கே எடுக்கப்படும் என்ற பட்டியல் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். மாதிரி வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போவதாயின் அதற்குரிய ஒப்பந்தமும் ஏற்றுமதி அனுமதியும் தனியாக வேண்டும். இவற்றுக்கு மாதக்கணக்கில் காலம் ஒதுக்குங்கள். ஓர் அலுவலகத்தில் என் கோப்பு நிறுவனத் தலைவரின் முத்திரை ஒரு பக்கத்தில் விடுபட்டதற்காகத் திரும்பி வந்தது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இறுதியாண்டு மாணவருக்கு என் அறிவுரை, கணினி வழியை மட்டும் தெரிவு செய்யுங்கள் என்பதே. நிறமூர்த்தங்களைக் கண்ணால் காண வேண்டுமென்ற விருப்பம் நியாயமானது. ஆனால் அதற்கு இரத்தக் கலங்களை ஏறத்தாழ மூன்று நாட்கள் வளர்ப்பூடகத்தில் வைத்து, பிரிவை இடையில் நிறுத்தி, பதப்படுத்திச் சாயமிட வேண்டும். அந்த வசதியுள்ள ஆய்வுகூடத்துடன் முன்கூட்டியே பேசி நாள் குறிக்காமல் மாதிரியைப் பேருந்தில் ஏற்றுவது வீண் செலவு.

3. செலவையும் நேரத்தையும் கணக்கிடுங்கள்

மென்பொருளுக்கும் தரவுக்கும் ஒரு சதமும் இல்லை. செலவாவது இணையத் தரவும் சேமிப்பிடமும்தான். ஒரு முலையூட்டியின் முழு வரிசை ஏறக்குறைய 300 கோடி டிஎன்ஏ எழுத்துகள் கொண்டது. சுருக்கிய கோப்பு ஒரு ஜிபியை நெருங்கும், விரித்தால் மூன்று ஜிபி வரை போகும். நான்கு விலங்குகளை எடுத்து, இடையில் துண்டிக்கப்பட்டு, மறுபடி தொடங்கினால் கைபேசிப் பொதி ஒரே இரவில் முடிந்துவிடும். வளாகத்தில் இருப்பவர்கள் அங்குள்ள, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பைப் பயன்படுத்துங்கள். வெளியில் இருப்பவர்கள் இரவு நேர ஒதுக்கீடுள்ள பொதியில், இடைநின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும் இறக்கு நிரலுடன் இறக்குங்கள். அதைவிட நல்லது முழு வரிசையை வீட்டுக்கு இறக்காமலே வேலை செய்வது. அதை 7 ஆம் படியில் சொல்கிறேன்.

ஐப்பசி முதல் தை வரையான வாடைக்கால மழையில் மின்சாரமும் இணையமும் தடைப்படுவது இங்கே வழக்கம். நீண்ட நேரம் ஓடும் கணிப்பை அந்த மாதங்களில் சொந்த மடிக்கணினியில் ஓடவிடத் திட்டமிடாதீர்கள்.

4. முதலில் சிறிய அட்டவணையை இறக்குங்கள்

பல விலங்குகளின் ஜீனோம்களை இலவசமாக வெளியிடும் என்செம்பிள் தளத்திலுள்ள பயோமார்ட் என்ற கருவி இந்த ஆய்வின் வாசல். அங்கே மாட்டின் பரம்பரையலகுத் தொகுதியைத் தெரிவு செய்து, பண்புகள் என்ற பகுதியில் ஒத்தவை (ஒரே மூதாதைப் பரம்பரையலகிலிருந்து வந்தவை) பற்றிய பிரிவைத் திறந்து, மாட்டுப் பரம்பரையலகின் அடையாள எண், நிறமூர்த்தம், தொடக்க இடம், முடிவிடம் ஆகியவற்றையும், செம்மறிக்கு அதே நான்கையும், ஒத்தமையின் வகையையும் குறியிடுங்கள். கிடைக்கும் கோப்பு சில எம்பி மட்டுமே. கைபேசி இணைப்பிலும் இறங்கிவிடும். ஆட்டுக்கும் இதையே தனியாகச் செய்து வையுங்கள்.

இங்கே மூன்று பொறிகள் உள்ளன. ஒரே விலங்கின் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகள், அதாவது வாசித்த துண்டுகளைக் கோத்து உருவாக்கிய ஜீனோம் வரிசைகள், தோன்றலாம். நிறமூர்த்த மட்டம் வரை சேர்க்கப்பட்டதையே எடுங்கள், துண்டுகளாக நிற்கும் தொகுப்பில் இணைவைக் காண வழியில்லை. அடுத்து, ஒத்தமையின் வகையில் ஒன்றுக்கு ஒன்று எனக் குறிக்கப்பட்டவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரட்டிப்படைந்த பரம்பரையலகுகளை விட்டுவைத்தால் அட்டவணை முழுவதும் பொய்யான தாவல்கள் தெரியும். மூன்றாவதாக, என்செம்பிள் வெளியீட்டு எண்ணை இறக்கிய அன்றே எழுதி வையுங்கள். புதிய வெளியீடு வந்ததும் தொகுப்பும் இடக்குறிப்பும் மாறலாம். எண் இருந்தால் பழைய வெளியீட்டின் காப்பகத்துக்குத் திரும்பிப் போகலாம்.

5. விரிதாளில் குறுக்கு எண்ணிக்கை போடுங்கள்

லிப்ரே ஆபிஸ் போதும். நிரல்களில் செம்மறியின் நிறமூர்த்தங்களும் நிரைகளில் மாட்டினவையும் வரும்படி, ஒவ்வொரு சோடிக்கும் எத்தனை ஒத்த பரம்பரையலகுகள் உள்ளன என்று எண்ணும் அட்டவணையை உருவாக்குங்கள். பெரும்பாலான நிரல்களில் ஒரே ஒரு பெரிய எண் இருக்கும். ஆனால் செம்மறியின் 1 ஆவதில் மாட்டின் 1 உம் 3 உம், 2 ஆவதில் 2 உம் 8 உம், 3 ஆவதில் 5 உம் 11 உம் பெரிய எண்களாக நிற்கும். மூன்று இணைவுகள், மூன்று சோடிகள் குறைவு: 60 இலிருந்து 54. கணக்குப் பொருந்துவதை ஒரு பிற்பகலிலேயே உங்கள் கண்ணால் காணலாம், மாணவருக்கும் காட்டலாம்.

சிறு எண்களை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு பரம்பரையலகுகள் தனியாக வேறிடத்தில் நிற்பது பெரும்பாலும் பிழையான ஒத்தமை. ஆனால் மாட்டின் 9 ஆவதன் ஒரு சிறு பகுதி, செம்மறியிலும் ஆட்டிலும் மாட்டின் 14 ஆவதை ஒத்த நிறமூர்த்தத்தில் அமர்ந்திருக்கிறது. அடுத்தடுத்த பல பரம்பரையலகுகள் ஒரே ஒழுங்கில் சேர்ந்து நகர்ந்த உண்மையான இடம்பெயர்வு அது. இரண்டையும் வேறுபடுத்த, மாட்டின் இட ஒழுங்கில் வரிசைப்படுத்தி, அந்தச் சிறு எண்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றனவா, சிதறி நிற்கின்றனவா என்று பாருங்கள்.

நிறமூர்த்த எண்களை நம்பிப் பெயர் பொருத்தாதீர்கள். எண்கள் பருமனின்படியோ முந்தைய மரபின்படியோ இடப்பட்டவை. எருமையின் 5 ஆவது மாட்டின் 5 ஆவதல்ல, மாட்டின் 16 உம் 29 உம் இணைந்தது.

6. மூன்றாவது விலங்கில்லாமல் திசை சொல்லாதீர்கள்

மாட்டில் தனித்தனியாகவும் செம்மறியில் ஒன்றாகவும் இருப்பதைக் கண்டவுடன் "செம்மறியில் இணைந்தது" என்று எழுதும் பழக்கமே இந்தத் துறையில் புதியவர்களின் மிகப் பொதுவான தவறு. கல்லோயாச் சந்தியில் நிற்கும் நீண்ட தொடரைப் பார்த்து மட்டும், அதன் பெட்டிகள் அங்கே கோக்கப்பட்டவையா, இன்னும் கழற்றப்படாதவையா என்று சொல்ல முடியாது. இங்கும் அப்படித்தான், மாட்டு வழியில் பிளவு நிகழ்ந்திருக்கவும் கூடும்.

இதைத் தீர்க்கவே ஆட்டின் அட்டவணையை இறக்கச் சொன்னேன். ஆடு, மாட்டைவிடச் செம்மறிக்கு மிக நெருங்கிய உறவு. ஆயினும் அந்த மூன்று சோடிகளும் ஆட்டில் மாட்டைப் போலத் தனித்தனியாகவே உள்ளன. ஆகவே ஆடும் செம்மறியும் பிரிந்த பின்னர் செம்மறி வழியில் இணைவு நிகழ்ந்தது என்பதே குறைந்த மாற்றங்களுடன் பொருந்தும் விளக்கம். மான்களில் இதன் எதிர்ப்பக்கத்தைக் காணலாம்: மாட்டின் 1, 2, 5, 6, 8, 9 ஆகிய ஆறு நிறமூர்த்தங்களுக்கு ஒத்தவை மான்களில் இரண்டிரண்டாகப் பிளந்திருக்கின்றன, 26 உம் 28 உம் ஒன்றாகியிருக்கின்றன. ஆறு பிளவு, ஓர் இணைவு. 60 இலிருந்து மான்களின் மூதாதைக்குக் கணிக்கப்படும் 70 வருவது அப்படித்தான்.

7. முழு வரிசை ஒப்பீட்டைக் கேலக்சி வழங்கியில் செய்யுங்கள்

முழு ஜீனோம்களை ஒப்பிடுவதற்கு 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி போதாது. கணிப்பைத் தன் கணினிகளிலேயே ஓட்டித் தரும் கேலக்சி என்ற பொதுத் தளத்தில் மின்னஞ்சலால் பதிவு செய்தால், முதன்மை வழங்கிகளில் 250 ஜிபி இடம் இலவசமாகத் தருகிறார்கள். அமெரிக்காவின் என்சிபிஐ பொதுத் தரவுத்தளத்திலுள்ள வரிசைக் கோப்பின் இணைப்பை அங்கே ஒட்டினால் கேலக்சியே நேரடியாக எடுத்துக்கொள்ளும். உங்கள் பொதியில் எதுவும் கழியாது. நான் இதை முதலிலேயே அறிந்திருந்தால் பல இரவுகள் மிஞ்சியிருக்கும்.

ஒரு வழங்கியில் ஒருவருக்கு ஒரு கணக்குத்தான். இடம் போதாதென்று இரண்டாவது கணக்குத் திறந்தால் நீக்கப்படலாம். அழித்த கோப்புகளை நிரந்தரமாக நீக்கும் வரை அவை உங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

மாட்டையும் ஆற்றெருமையையும், வரிசைகளைப் பொருத்தும் மினிமேப்2 என்ற மென்பொருள் கொண்டு ஒப்பிடுங்கள். முன்னமைப்புகளில் ஏறத்தாழ 5 சதவீத வரிசை வேறுபாட்டுக்கான ஏஎஸ்எம்20 என்பதை எடுங்கள். நிறமூர்த்தத்தில் பொருத்தப்படாத துண்டுகளை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால், ஒரு ஜீனோமைக் கிடையாகவும் மற்றதை நிலைக்குத்தாகவும் வைத்துப் பொருந்தும் இடங்களைக் கோடுகளாகக் காட்டும் புள்ளிவரைபடத்தின் ஓரம் முழுவதும் தூசியாகத் தெரியும். என்சிபிஐ கோப்பில் நிறமூர்த்தங்கள் சேர்க்கை எண்களால், அதாவது தரவுத்தளம் இடும் அடையாள எண்களால், பெயரிடப்பட்டிருக்கும். எந்த எண் எந்த நிறமூர்த்தம் என்பதைத் தொகுப்பு அறிக்கை என்ற தனிக் கோப்பில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். வழங்கியில் உங்கள் வேலையின் முறை வரக் காத்திருக்கும் நேரம் நாளுக்கு நாள் வேறுபடும் என்பதால், சமர்ப்பிக்கும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள். கிடைக்கும் கோப்பை டி-ஜெனீஸ் தளத்தில் கொடுத்தால் புள்ளிவரைபடம் வரும்.

அதில் எருமையின் முதல் ஐந்து நிறமூர்த்தங்களும் மாட்டின் இரண்டிரண்டு நிறமூர்த்தங்களாகப் பிரிந்து தெரிய வேண்டும்: 1 உம் 27 உம், 2 உம் 23 உம், 8 உம் 19 உம், 5 உம் 28 உம், 16 உம் 29 உம். ஐந்து இணைவுகள், 60 இலிருந்து 50. இது தெரியாவிட்டால், கண்டுபிடிப்பென்று மகிழும் முன் கோப்புகளைச் சரிபாருங்கள்.

மினிமேப்2 ஐ மனிதன், எலி போன்ற தூர உறவுகளுக்குப் பயன்படுத்தாதீர்கள். வரிசை மிகவும் விலகிவிட்டதால் பெரும்பகுதி பொருந்தாமலே போகும். அப்படிப்பட்ட சோடிகளுக்கு யூசிஎஸ்சி தளத்தில் ஏற்கெனவே செய்து வைக்கப்பட்ட ஒப்பீட்டு முடிவுகளான சங்கிலி, வலைக் கோப்புகளை எடுப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

8. போலி முறிவிடங்களைக் களையுங்கள்

முறிவிடம் என்பது இரு விலங்குகளிடையே ஒழுங்கு அறுபட்டு மாறும் இடம். இந்தப் படியில் தங்க வேண்டிய அளவு தங்கினால் உங்கள் முடிவுகள் நிற்கும்.

ஒரு முழு நிறமூர்த்தமே தலைகீழாகத் தெரிந்தால் அது கூர்ப்பு அல்ல. எந்த முனையிலிருந்து எழுதத் தொடங்குவது என்பது தொகுத்தவரின் தெரிவு. அதைத் திருப்பி வரையுங்கள். நிறமூர்த்தத்தின் நடுவில் ஒரு துண்டு மட்டும் திரும்பியிருந்தால் அதன் இரு ஓரங்களிலும் வரிசையைத் திறந்து பாருங்கள். இரு பக்கத்திலும் தெரியாத எழுத்துகளைக் குறிக்கும் இடைவெளி இருந்தால், துண்டுகளைக் கோக்கும்போது ஒன்று திரும்பி ஒட்டப்பட்டிருக்கக்கூடும். அதே விலங்கின் வேறொரு தொகுப்பிலும் அது காணப்பட்டால் மட்டுமே நேர்மாறல் என்று எழுதுங்கள். உண்மையான முறிவிடங்கள், திரும்பத் திரும்ப வரும் வரிசைகளும் இரட்டித்த துண்டுகளும் நிறைந்த பகுதிகளிலேயே அதிகம் அமைவதாலும், தொகுப்பு மென்பொருள் தடுமாறுவதும் அதே பகுதிகளில் என்பதாலும், இவ்விரண்டையும் பிரிப்பது பொறுமையைக் கேட்கும் வேலை.

எத்தனை துண்டுகள் என்ற எண்ணை, நீங்கள் வைத்த குறைந்தபட்ச நீளத்தைச் சொல்லாமல் எழுதாதீர்கள். மனிதனுக்கும் சுண்டெலிக்கும் இடையே, 2002 இல் வெளிவந்த சுண்டெலி ஜீனோம் ஆய்வு 3 இலட்சம் எழுத்துகளை எல்லையாக வைத்து 342 ஒத்த துண்டுகளைக் கணக்கிட்டது. 2003 இல் வந்த மற்றோர் ஆய்வு 10 இலட்சத்தை எல்லையாக வைத்து 281 தொகுதிகளைத் தந்தது. எல்லையும் துண்டை வரையறுக்கும் முறையும் மாறியதே அந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

9. கூர்ப்பைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்

எண்ணிக்கை மாறியதால் பரம்பரையலகுகள் கூடின, குறைந்தன என்று எழுதிவிடாதீர்கள். இந்தியக் கேளையாடு என்ற மானின் பெட்டைக்கு 6, கிடாவுக்கு 7 நிறமூர்த்தங்கள். அதன் சாதியைச் சேர்ந்த சீனக் கேளையாட்டுக்கு 46. முனையோடு முனையான தொடர் இணைவுகளே அந்தச் சரிவுக்குக் காரணம். பரம்பரையலகுகள் பெரும்பாலும் அப்படியே உள்ளன.

இணைவு ஒரு குடித்தொகையில் பரவுவது எளிதல்ல. ஓர் இணைந்த நிறமூர்த்தத்தையும் இரண்டு இணையாதவற்றையும் கொண்ட விலங்கில் ஒடுக்கற்பிரிவின்போது மூன்றும் ஒன்றாகச் சோடி சேர வேண்டும். பிழையாகப் பிரிந்தால் புணரிகளில் சமநிலை கெடும். மாடுகளில் 1 உம் 29 உம் இணைந்த நிலை பல இனங்களில் காணப்படுகிறது. அதைக் காவும் 59 நிறமூர்த்த மாடு நலமாகவே இருக்கும், கருவளம் மட்டும் சற்றுக் குறையும். 63 நிறமூர்த்தங்களுள்ள கோவேறு கழுதை மலடாக இருப்பதற்கு இந்தச் சோடி சேரும் சிக்கலும் ஒரு காரணம். நேர்மாறலின் விளைவு வேறு: திரும்பிய துண்டுக்கும் திரும்பாத துண்டுக்கும் இடையே மீள்சேர்க்கை தடைப்படுவதால், அதற்குள் இருக்கும் பரம்பரையலகு வகைகள் ஒரே கட்டாகக் கடத்தப்படுகின்றன. வட அமெரிக்க மான் எலியில் 15 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள, ஏறத்தாழ 4 கோடி எழுத்து நீள நேர்மாறல் ஒன்று காட்டுவாழ் எலிகளின் நீண்ட வாலுடனும் உரோம நிறத்துடனும் தொடர்புபட்டிருப்பது 2022 இல் காட்டப்பட்டது.

உங்கள் அட்டவணை இவற்றில் எதையும் நிறுவாது. எங்கே, எந்த வழியில் மாற்றம் நிகழ்ந்தது என்பதையே அது நிறுவும். கலந்துரையாடல் அத்தியாயத்தில் இந்த எல்லையைக் கடப்பவர்களிடம்தான் பரிசோதகர் அதிகக் கேள்வி கேட்கிறார்.

10. கையளிக்கும்போது

தொகுப்புகளின் பெயரையும் பதிப்பெண்ணையும், சேர்க்கை எண்ணையும், இறக்கிய திகதியையும், மென்பொருள் பதிப்பையும், முன்னமைப்பையும் ஒரே பக்கத்தில் பின்னிணைப்பாகக் கொடுங்கள். கேலக்சியின் வேலை வரலாற்றைப் பகிரும் இணைப்பையும் அதில் சேருங்கள். டி-ஜெனீஸ் புள்ளிவரைபடத்தில் நேர்த்திசையையும் எதிர்த்திசையையும் கோட்டின் சாய்வு காட்டும், வரிசை ஒற்றுமையின் அளவை நிறம் காட்டும். கறுப்பு வெள்ளைப் பிரதியில் அந்த நிற வேறுபாடு மறைந்துவிடும். எல்லாப் பிரதிகளையும் நிறத்தில் அச்சிடுவது செலவென்றால், ஒற்றுமை குறைந்த கோடுகளை முறிகோடாக மாற்றி வரைந்துகொண்டு அச்சகத்துக்குப் போங்கள்.